கை மாறாத வண்டி

ஏற்காடு மலையிலுள்ள நாகலூரில் குடியிருந்துகொண்டு சேலத்துக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வருவது என் பிழைப்பு. ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். வங்கி, வரி அலுவலகம், உரக்கடை, கூலிக்கான ரொக்கம் என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது மலை இறங்கி ஏற வேண்டியிருக்கும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை கொண்டை ஊசி வளைவுகள் 20; இறங்க இருபது, ஏற இருபது. 2003 ஆகஸ்டில் வாங்கிய ஒரு சிறிய பெட்ரோல் காரில்தான் இன்றுவரை போய்வருகிறேன். ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் 22 ஆண்டுகளில் 2,200 பயணங்கள், 88,000 வளைவுகள். போன மாதம் ஒண்டிக்கடை டீக்கடையில் ஒருவர், "இன்னுமா சார் இதையே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு அங்கே சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்த கணக்கு இது.

இப்படிக் கேட்பவர்களின் மனதில் விடையும் தயாராகவே இருக்கும். ஒன்று, இவன் கஞ்சன். இரண்டு, வசதி இல்லை. மூன்று, வண்டிமேல் பாசம். மரியாதைக்காக மூன்றாவதை மட்டும் வாய்விட்டுச் சொல்வார்கள். பாசம் என்ற காரணத்தை நான் நம்புவதில்லை. பாசத்துக்காக வைத்திருக்கும் வண்டிகள் எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்; உறை போர்த்தி, நான்கு டயரும் காற்றிறங்கி, வீட்டுக்காரர் இல்லாத பங்களாக்களின் போர்ட்டிகோவில் நிற்கின்றன. நாள்தோறும் ஓடுகிற பழைய வண்டியை ஒருவன் விடாமல் வைத்திருப்பதற்கு என் அனுபவத்தில் ஒரு காரணம்தான் உண்டு. அந்த வண்டியின் குறை அத்தனையும் அவனுக்குத் தெரியும். அடுத்து வாங்கப் போகும் வண்டியின் குறை ஒன்றுகூடத் தெரியாது.

தெரியும் என்று நான் சொல்வது எவ்வளவு சிறிய விஷயங்களை என்று காட்ட வேண்டும். பனி இறங்கிய காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஒருமுறை கனைத்துவிட்டு நிற்கும். இரண்டாம் முறை பிடிக்கும். அதுதான் அதன் வழக்கம். மூன்றாம் முறைக்குப் போனால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறது என்று பொருள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வெந்நீர் ஊற்றித் துடைத்தால் சரியாகிவிடும். புதிய கிளட்ச் பிளேட் போட்ட காலத்தில் மிதியிலிருந்து கால் சற்று மேலே வந்தவுடனேயே வண்டி நகரும். பிளேட் தேயத் தேய அந்த இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். இப்போது என் வண்டியில் அது முக்கால்வாசி உயரத்தில் இருக்கிறது. அடுத்த மழைக்காலம் தாண்டாது என்று என் இடது கால் சொல்கிறது, இதுவரை அது தவறாகச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது மலைக்காரர்களுக்கு மட்டும் சீக்கிரம் புரிகிற விஷயம். முன்சக்கரத்தில் இழுக்கிற கார்களில் சக்கரத்தை ஒட்டி ஒரு ஆக்சில் ஜாயிண்ட் இருக்கும். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போய், உருண்டைகள் தேய ஆரம்பிக்கும். நேர்ச்சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனாலும் அந்தத் தேய்மானம் காதில் விழாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, அதே சமயம் ஆக்சிலேட்டரையும் மிதிக்கும்போதுதான் 'கிட்கிட்கிட்' என்று கேட்கும். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறவன் செய்வது இதைத்தான், இருபது தடவை. எனவே சேலத்து நேர்ச்சாலையில் ஓட்டுகிறவருக்கு ஓராண்டு கழித்துத் தெரிய வருகிற நோய், எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இடப்புறம் திரும்பும் வளைவுகளில் மட்டும் வலப்பக்கச் சக்கரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாறைச் சுவர் ஓரமாக வரும்போது சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். புது வண்டியாக இருந்திருந்தால் அது வண்டியின் இயல்பான சத்தம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றியிருப்பேன்.

இறங்கும் கதை வேறு. இரண்டாம் கியரில் விட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும். பிரேக் என்பது வளைவுக்கு முன் ஓரிரு முறை தொட்டுக்கொள்வதற்கு. இதைச் சொல்லித்தராத வீடே இங்கே கிடையாது. ஆனாலும் மே மாதக் கோடை விழாவின்போது மாலையில் அடிவாரத்தில் நின்று பார்த்தால், சக்கரத்திலிருந்து புகை கிளம்ப, கருகல் நாற்றத்தோடு வந்து ஓரங்கட்டும் வண்டிகளைக் காணலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் குமிழி உண்டாகி, மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். புகையோடு நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் என்னுடையதைவிடப் பத்து மடங்கு விலை உயர்ந்தவை. அவற்றின் பிரேக்கில் பழுது கிடையாது. ஓட்டுகிறவருக்கு அந்த வண்டி இன்னும் அறிமுகமாகவில்லை, அவ்வளவுதான்.

மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வழிவிடுவதற்குச் சரிவில் நிற்க வேண்டும். நிற்பதற்குக் கை பிரேக்கை நம்ப வேண்டும். என் வண்டியின் கை பிரேக் ஐந்தாவது பல்லில் பிடிக்கும், ஆள் நிறைந்திருந்தால் ஏழாவது பல். ஏழுக்கு மேல் போனால் கேபிளை முறுக்க வேண்டும். இப்படி ஒரு எண்ணிக்கை கைக்குள் ஊறிப்போன பிறகு அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதற்கு மனம் வருவதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கி, அயோத்தியாப்பட்டணம் சுற்றிச் சேலம் போனேன். நான் அதிகம் ஓட்டாத பாதை அது. வளைவுகள் எங்கே வரும் என்பது மனப்பாடம் கிடையாது. மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவும் இல்லை. அன்று எனக்கிருந்த ஒரே தைரியம், தெரியாத பொருள்கள் இரண்டாக இல்லாமல் ஒன்றாக மட்டும் இருந்ததுதான். பாதை புதிது. வண்டி பழையது.

இவ்வளவும் தனியாளின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கோரிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, ஒரு குழி, வேப்பமரம், மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட ஃபேன் பெல்ட்டுகள். வாங்கி மூன்றாம் ஆண்டிலிருந்து என் வண்டியைத் தொட்ட கைகள் அங்கே இருக்கின்றன. அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார். ஓட்டிப் பார்க்காமலேயே அவர் நோயைச் சொல்வதுண்டு. என்ஜினை ஓடவிட்டு, ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் ஓரிடத்தில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் கழுத்தில் தொங்குவதும் இதுவும் ஒரே வேலையைச் செய்பவை. "டாப்பெட் இல்ல தம்பி, வாட்டர் பம்ப் பேரிங். தண்ணி ஒழுகறதுக்குள்ள மாத்திடலாம்" என்று ஒருமுறை சொன்னார். டாப்பெட் என்பது என்ஜினின் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்; வாட்டர் பம்ப் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவைப்பது. டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் அந்தப் பம்ப்புக்குக் கை போகும் என்பதால், பெல்ட்டுக்கு இன்னும் ஆயுள் இருந்தும் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். பெல்ட்டின் விலை கூடுதல் செலவுதான். ஆனால் கூலி ஒன்றாகிவிட்டது. பழைய வண்டியை வைத்திருப்பது என்பது இப்படிப்பட்ட சின்னச் சின்ன முடிவுகளைச் சரியான நாளில் எடுப்பதுதான்.

இது சேலத்தில் சுலபம், வேறு ஊர்களில் அவ்வளவு சுலபமில்லை என்றும் நினைக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரமே லாரியை நம்பிப் பிழைப்பது. சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய லாரியின் என்ஜினை இறக்கி, சிலிண்டரைப் போரிங் செய்து, கிராங்கைக் கிரைண்டிங் செய்து, மறுபடி பூட்டி வட இந்தியாவுக்கு லோடு ஏற்றி அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வண்டி என்பது தீர்ந்துபோகிற பொருளாகவே தோன்றாது. தேய்ந்த பாகம் தீரும், அதை மாற்றினால் வண்டி தொடரும். உடைந்த கொக்கியைக்கூடப் படம் வரைந்து காட்டினால் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. கடையில் உதிரிபாகம் இல்லை என்பதை இங்கே யாரும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்லை.

உலகத்தில் இதில் உச்சத்துக்குப் போனவர் அமெரிக்காவின் லாங் ஐலண்டைச் சேர்ந்த இர்வ் கோர்டன். பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 1966இல் வாங்கிய ஒரே வோல்வோ பி1800எஸ் காரில் 2013ஆம் ஆண்டு 30 லட்சம் மைலைத் தாண்டினார். அவரிடம் ரகசியம் எதுவும் இருக்கவில்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டில் எழுதியிருந்தபடி, எழுதியிருந்த நாளில் ஆயில் மாற்றினார். நம்மில் எத்தனை பேர் அந்தக் கையேட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்திருக்கிறோம்?

பணத்தைப் பற்றிப் பேசாமல் கணக்கன் ஒருவன் கட்டுரையை முடிக்க முடியாது. என் நோட்டில் உள்ளபடி கடந்த ஐந்து ஆண்டுகளில் டயர், கிளட்ச், ரேடியேட்டர், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து வண்டிக்குச் செலவானது 1,34,000 ரூபாய். மாதத்துக்கு 2,200 ரூபாய் சொச்சம். ஏழு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 14,530 ரூபாய். காப்பீட்டுக்காக வண்டியின் மதிப்பைக் கழிக்கும் அட்டவணையைப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என்று போகிறது. அதாவது கடைசித் தவணை கட்டும் மாதத்தில் வண்டியின் பாதி மதிப்பு காற்றில் போயிருக்கும். என் வண்டிக்கு அந்தக் கவலை முடிந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் பணத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்றால் அது முழு உண்மை ஆகாது. பட்டறை வேப்பமர நிழலில் நான் உட்கார்ந்திருந்த பகல்களுக்கு நோட்டில் விலை போடவில்லை.

சட்டத்தில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. பதினைந்து ஆண்டு ஆனால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குமான அந்தத் தடை, பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் டெல்லித் தலைநகர வட்டாரத்துக்குச் சொன்னது. நமக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரி தனி. கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2018இல் நான் புதுப்பித்தபோது மத்திய விதியின்படி கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2023இல் அதைக் கட்டினேன். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பில் இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். 2028இல் எனக்கு அது காத்திருக்கிறது. வைத்துக்கொள்ளாதே என்று சொல்லாமல், வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்கிற கட்டணம்.

உண்மையான எதிரி துரு. எங்கள் மலையில் காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலைகள் சீப்புப் பல் போலக் கிழிபட்டு, மெலிதாக, ஈரத்தில் ஒட்டிக்கொள்பவை. முன்கண்ணாடிக்கும் போனட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் அவை இறங்கி மழைத்தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். தண்ணீர் போக வழியின்றி உள்ளே கசிந்து, கால்மிதியின் அடியில் தேங்கி, தரைத் தகட்டைத் தின்னும். கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள துளைகளுக்கும் இதே கதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துடைப்பக்குச்சியோடு வண்டியைச் சுற்றி வருவதை என் மனைவி பூஜை என்று கேலி செய்வாள். துளையில் குச்சியை விட்டதும் கறுப்பாக ஒரு கரண்டி அளவு இலைச்சேறும் தண்ணீரும் கொட்டும். அந்த ஒரு கரண்டிதான் என் வண்டியின் வயதுடைய பல வண்டிகளை எடைக்குப் போட வைத்தது. எலி வயரைக் கடிப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவாகிவிடும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அதற்குத் தாங்குகிற ரப்பரும் பாகங்களும் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. என் வண்டியின் குழாய்கள் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு போட்டவை. சென்ற கோடையில் பதினான்காம் வளைவில் ஏறும்போது பெட்ரோல் வாசனை வந்தது. நிறுத்திப் போனட்டைத் திறந்தால், எரிபொருள் குழாயின் வளைவில் விரல் நகத்தால் கீறியதுபோல் வெடிப்பு; அதில் ஒரு துளி உருண்டு நின்றது. சூடான என்ஜின் பக்கத்தில் அந்தத் துளியைப் பார்த்தபோது, குறைகள் எல்லாம் தெரியும் என்ற என் பெருமை சற்று அடங்கியது. மறுநாளே டேங்க்கிலிருந்து என்ஜின் வரை எல்லா ரப்பர் குழாயையும் மாற்றினேன்.

என் மகளுக்கு அந்த வெடிப்பு ஒரு சாட்சியாகிவிட்டது. அவள் கேட்பது வேறொன்றை. "அப்பா, இதுல ஏர்பேக் இருக்கா? ஏபிஎஸ் இருக்கா?" இல்லை. திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் புதுக் கார்களுக்கு 2019இல் கட்டாயமானது. ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் அதே ஆண்டில்தான். "நீங்க ஒழுங்கா ஓட்டுவீங்க, சரி. எதுத்து வர்றவன்?" இதற்கு நான் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறேன், இரவில் எடுப்பதில்லை, சீட் பெல்ட் போடாமல் நகர்வதில்லை. எதுவும் அவள் கேள்விக்குப் பதிலாகவில்லை. 88,000 வளைவுகளில் சேர்த்த அறிவு என் வண்டியைப் பற்றியது. எதிரே வருகிற வண்டியைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. ஆகவே பேத்தியை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவதென்றால் மருமகனின் காரில் போவது என்று வீட்டில் ஒப்பந்தம். நான் பின் இருக்கையில் உட்கார்ந்து, வராத சத்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பொங்கலோடு பட்டறையை மூடப்போவதாக அண்ணா சொல்லிவிட்டார். குழிக்குள் இறங்கினால் முழங்கால் ஏற விடுவதில்லையாம். மகன் ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இங்கே வர எண்ணமில்லை. இதைக் கேட்டபோதுதான், 2028 வரை செல்லும் என்று ஆர்சியில் அச்சடித்திருப்பது வண்டிக்கு மட்டுமே என்பது உறைத்தது. வேறு பட்டறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புதிய மெக்கானிக்குக்கு என் வண்டி, எனக்குப் புது வண்டி எப்படியோ அப்படி.

போன வெள்ளிக்கிழமை ஆயில் மாற்றி முடித்த பிறகு, அவர் என்ஜினை அணைக்கவில்லை. ஸ்குரூ டிரைவரைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டி, "காதுக்குப் பின்னாடி வெச்சுக் கேளு தம்பி" என்றார். வைத்தேன். அரிசி ஆலைக்குள் தலையை விட்டதுபோல ஒரே இரைச்சல். ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்து நுனியை இரண்டு விரற்கடை நகர்த்தினார். இரைச்சலுக்குள்ளிருந்து, தையல் மெஷின் ஓடுவது போலச் சீரான ஒரு தட்டல் தனியே எழுந்தது.

"கேக்குதா? அது டாப்பெட். அது இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு கையை இன்னும் கீழே, பம்ப்பு இருந்த இடத்துக்குக் கொண்டுபோய், "இப்ப இதக் கேளு" என்றார்.